விதிகளையே மாற்றி ஆடும் விளையாட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட ஆட விதிகளையும் ஆட்டக்காரர்களே எழுதி, திருத்தி, நீக்கிக்கொள்ளும் விளையாட்டுகள் சில இருக்கின்றன. புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுக்கான பதில்கள் இங்கே. பாதிக்கு மேல் நோமிக் என்ற விளையாட்டைச் சுற்றியே போகும். இந்த வகையைப் புரிந்துகொள்ள அதுதான் சரியான வாசல் என்பது என் எண்ணம்.

விதியை மாற்றுவதே ஆட்டம் என்றால் என்ன அர்த்தம்?

சதுரங்கத்தில் குதிரை எப்படிப் போகும் என்பது காய்களை அடுக்குவதற்கு முன்பே முடிவான விஷயம். நடுவில் ஒருவர் "இனிமேல் குதிரை நேராகவும் போகலாம்" என்றால் அதை அழுகுணி ஆட்டம் என்போம். நோமிக்கில் அப்படிச் சொல்வதுதான் உங்கள் முறையில் நீங்கள் செய்யவேண்டிய வேலை. மாற்றத்தை எழுதி முன்வைக்கிறீர்கள், எல்லோரும் ஓட்டுப் போடுகிறார்கள், நிறைவேறினால் அந்த நொடியிலிருந்து அது விதி. உங்களையும் சேர்த்துத்தான் கட்டுப்படுத்தும்.

அப்படியென்றால் யாரும் எதையும் செய்துகொள்ளலாமா?

கூடாது. எந்த விதியையும் மாற்றலாம், ஆனால் மாறும்வரை அதற்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். நோமிக்கின் முதல் விதியே (101) இதைத்தான் சொல்கிறது. 116ஆம் விதி இன்னும் அழகானது: எந்த விதியும் தடுக்காத எதையும் செய்யலாம், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று, விதியை மாற்றுவது. அதற்கு மட்டும் ஏதாவது ஒரு விதி இடம் கொடுத்தாகவேண்டும். சுதந்திரம் முழுக்க இருக்கிற ஆட்டத்தில் கறாரான காவல் இந்த ஒரு கதவுக்குத்தான். இந்த வகை ஆட்டங்களில் எல்லாமே கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்: எப்படி மாற்றுவது என்று யார், எந்த வழியில் முடிவு செய்கிறார்கள்?

நோமிக்கை உருவாக்கியது யார்?

பீட்டர் சூபர் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர். 1982இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் தன் பத்தியில் இதை அறிமுகம் செய்தபோதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. பின்னர் 1990இல் வந்த சூபரின் நூலிலும் பின்னிணைப்பாகச் சேர்ந்தது. அந்த நூல் விளையாட்டைப் பற்றியதே இல்லை, சட்டத் தத்துவம்: ஒரு சட்டம் தன்னையே திருத்திக்கொள்ள முடியுமா என்ற கேள்வி. நானூறு பக்கம் வாதம் செய்வதைவிட நான்கு பேரை உட்காரவைத்து ஆடச் சொன்னால் கேள்வி சட்டென்று விளங்கிவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தொடக்கத்தில் எத்தனை விதிகள்? என்னென்ன?

மொத்தம் 29. அவை இரண்டு கட்டாகப் பிரிந்திருக்கும். 101 முதல் 116 வரை 16 விதிகள் 'மாறாதவை'. 201 முதல் 213 வரை 13 விதிகள் 'மாறுபவை'. புதிதாக வரும் முன்மொழிவுகளுக்கு 301இலிருந்து எண் தொடங்கும். தோற்றுப்போன முன்மொழிவுக்கும் எண் உண்டு.

ஆட்டம் கடிகாரச் சுற்றில் போகும். உங்கள் முறை வந்தால் இரண்டு வேலை: ஒரு விதி மாற்றத்தை முன்வைத்து ஓட்டுக்கு விடுவது, அப்புறம் பகடையை ஒரு தடவை உருட்டி விழுந்த எண்ணைப் புள்ளிகளில் சேர்த்துக்கொள்வது. முதலில் 100 புள்ளி எடுத்தவர் வென்றார். முன்மொழிவு தோற்றால் முன்மொழிந்தவருக்கு 10 புள்ளி நஷ்டம்.

ஓட்டு விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆரம்பத்தில் எந்த மாற்றத்துக்கும் எல்லோரும் ஒருமனதாகச் சம்மதிக்கவேண்டும். அந்த விதியை (203) யாரும் திருத்தாமல் இரண்டு முழுச் சுற்று முடிந்துவிட்டால் அது தானாகவே சாதாரணப் பெரும்பான்மையாக மாறிவிடும். அதற்குப் பிறகு, நிறைவேறிய முன்மொழிவுக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்களுக்குத் தலைக்கு 10 புள்ளி கிடைக்கும். தோற்றவருக்கு எதற்குப் பரிசு என்று தோன்றும். எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் லாபம் என்று ஆகிவிட்டதால், உறுதியாக ஜெயிக்கும் என்று தெரிந்த முன்மொழிவைக்கூட எதிர்க்கலாம் என்ற ஆசை வரும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அந்த ஆசை வந்தால் அது தோற்றுவிடும். இந்த ஒரு விதியை வைத்தே ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொள்ளலாம்.

பகடை உருட்டுவது சலிப்பாக இருக்காதா?

இருக்கும், அதனால் நல்லதுதான். சலிப்பு தட்டியவுடன் யாராவது அதை மாற்ற முன்வருவார்கள். முதல் சுற்றிலேயே பகடை விதி (202) மாறிப்போன ஆட்டம்தான் பெரும்பாலும் சூடு பிடிக்கும்.

ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

நான்கு பேர் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆட்டக்காரர் 301ஆம் முன்மொழிவாக, "முன்மொழிவு தோற்றால் 10 புள்ளி இழப்பு என்கிற 206ஆம் விதியை நீக்கவேண்டும்" என்கிறார். எல்லோருக்கும் அந்த நஷ்டத்தின்மேல் பயம் இருக்கிறது. ஒருமனதாக நிறைவேறுகிறது.

இரண்டாமவர் 302ஆக ஒரு புது விதி கொண்டுவருகிறார்: "பகடையில் 1 விழுந்தால் மறுபடி உருட்டலாம்." பார்க்கச் சாது விதி. எல்லோரும் கை தூக்குகிறார்கள். அவர் உருட்டுகிறார், 1 விழுகிறது. மறுபடி உருட்டப் போகும்போது மூன்றாமவர், "கொஞ்சம் பொறுங்கள்" என்கிறார். பகடையை ஒரு தடவைதான் உருட்டவேண்டும் என்று 202 சொல்கிறது. மாறும் விதிகள் இரண்டு மோதினால் எண் குறைவான விதியே செல்லும் என்று 211 சொல்கிறது. அப்படியானால் 202 முன்னால் நிற்கிறது, 302 வெறும் எழுத்து.

அதே 211இல் ஒரு வழியும் இருக்கிறது. ஒரு விதி தன் வாசகத்திலேயே "நான் 202ஐவிட மேலானவன்" என்று சொல்லிக்கொண்டால் அது செல்லும். 302ஐ எழுதியவர் அந்த ஒரு வரியைச் சேர்க்க மறந்துவிட்டார்.

சரி, புது விதி எழுதாமல் 202ஐயே திருத்தியிருந்தால்? மோதல் வராது. ஆனால் 108இன்படி திருத்தப்பட்ட விதிக்குத் திருத்தத்தின் எண்ணே வந்து சேரும். 202 இனிமேல் 302 ஆகிவிடும், மூப்பை இழந்துவிடும். பழைய விதியைத் தொட்டால் அதன் பலம் குறைகிறது, தொடாமல் விட்டால் புது விதி எடுபடாது. நோமிக்கின் ருசி எனக்கு முதலில் பிடிபட்டது இந்த இடத்தில்தான்.

'மாறாத' விதிகளையும் மாற்றலாமாமே? பிறகு அந்தப் பெயர் எதற்கு?

நேராக மாற்ற முடியாது. முதலில் அதை மாறாத வகையிலிருந்து மாறும் வகைக்குக் கொண்டுவரவேண்டும். அதற்கு எப்போதும் ஒருமனதான ஓட்டு தேவை (109). வகை மாறியபின் தனியாக இன்னொரு முன்மொழிவு வைத்துத் திருத்தலாம், நீக்கலாம். ஆகவே இரண்டு படி. மேலும், மாறாத விதியும் மாறும் விதியும் மோதினால் மாறாததே வெல்லும்.

109ஐயும் இதே வழியில் வகை மாற்ற முடியும் என்பதைக் கவனியுங்கள். பூட்டின் சாவியும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது.

ஒரு விதி தன்னையே திருத்திக்கொள்வது தர்க்கப்படி சாத்தியமா?

தத்துவக்காரர்கள் உண்மையிலேயே சண்டை போட்ட கேள்வி இது. டென்மார்க்கின் சட்ட அறிஞர் ஆல்ஃப் ராஸ் 1969இல் எழுதிய கட்டுரையில் முடியாது என்று வாதிட்டார். தன் நாட்டு அரசியல் சட்டத்தின் 88ஆம் பிரிவை அவர் எடுத்துக்கொண்டார்; அரசியல் சட்டத்தை எப்படித் திருத்துவது என்று சொல்லும் பிரிவு அது. அந்தப் பிரிவின் அதிகாரத்தை வைத்தே அந்தப் பிரிவை மாற்றினால், எதை ஆதாரமாகக் கொண்டோமோ அதற்கே முரணான முடிவுக்கு வருகிறோம். இது தர்க்கத்தில் நிற்காது என்பது அவர் வாதம்.

சூபர் இதை ஏற்கவில்லை. சட்டம் தர்க்கப் புத்தகத்தில் இல்லை, அதை ஏற்று நடக்கும் மக்களிடம் இருக்கிறது. அவர்கள் ஏற்றுக்கொண்டால் தன்னைத் திருத்திய விதி செல்லும் என்பது அவர் பக்கம். நோமிக்கில் 115ஆம் விதி இதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் 5ஆவது பிரிவும் இதே சிக்கலில் இருக்கிறது. எந்த மாநிலத்துக்கும் அதன் சம்மதம் இல்லாமல் செனட்டில் உள்ள சம பங்கைப் பறிக்கக்கூடாது என்கிறது அது. முதலில் அந்தத் தடையை நீக்கும் திருத்தம், அடுத்து பங்கைக் குறைக்கும் திருத்தம் என்று இரண்டு படியாகப் போனால்? அறிஞர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை.

இங்கே ஒரு கிளைக்கதை. தர்க்கவியலாளர் கர்ட் கோடெல் 1947இல் அமெரிக்கக் குடியுரிமை விசாரணைக்குப் போனார். சாட்சிகளாகக் கூடவே ஐன்ஸ்டைனும் பொருளியலாளர் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும். அரசியல் சட்டத்தை மீறாமலேயே சர்வாதிகாரம் வர வழி இருப்பதாகக் கோடெல் நீதிபதியிடமே விளக்கப் புறப்பட்டாராம். மார்கன்ஸ்டெர்ன் இதை எழுதிவைத்திருக்கிறார். கோடெல் கண்ட ஓட்டை எது என்று பதிவாகவில்லை. அந்த 5ஆவது பிரிவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறவர்கள் உண்டு. நோமிக் ஆடியிருந்தால் அவர் யாரையும் ஜெயிக்கவிட்டிருக்கமாட்டார்.

ஒரு விதிக்கு இரண்டு பேர் இரண்டு அர்த்தம் சொன்னால்?

தீர்ப்புக் கேட்கலாம். ஒரே ஒருவர் விடாப்பிடியாக நின்றாலும் போதும், கருத்து வேறுபாடு இருப்பதாகக் கொள்ளப்படும். யாருடைய முறை நடக்கிறதோ அவருக்கு முந்தைய ஆட்டக்காரர் நீதிபதி ஆவார். விதிகள் பேசாமல் இருந்தாலோ குழப்பமாக இருந்தாலோ, ஆட்டத்தின் வழக்கத்தையும் அதன் உணர்வையும் பார்த்துத்தான் அவர் தீர்ப்புச் சொல்லவேண்டும். மற்ற எல்லோரும் ஒருமனதாக எதிர்த்தால் மட்டுமே தீர்ப்பைத் தள்ளமுடியும். பழைய நீதிபதியின் தீர்ப்பு புதியவரைக் கட்டுப்படுத்தாது. ஆக, நேற்று செல்லுபடியான வாதம் இன்று செல்லாமல் போகலாம்.

ஆட்டம் ஒரேயடியாக முட்டிக்கொண்டு நின்றுவிட்டால்?

அதற்கும் விதி இருக்கிறது, 213. மேற்கொண்டு ஆடவே முடியாதபடி விதிகள் சிக்கிக்கொண்டால், அல்லது ஒரு நகர்வு சட்டப்படி சரி என்றும் தவறு என்றும் சமமாகத் தோன்றினால், தன் முறையை முதலில் முடிக்கமுடியாமல் நிற்பவரே வெற்றியாளர். ஆகவே ஒரு முரண்பாட்டை வேண்டுமென்றே கட்டி, அதில் தானே போய் மாட்டிக்கொள்வது ஜெயிப்பதற்கான வழிகளில் ஒன்று. பகடையை உருட்டி நூறு சேர்ப்பதைவிட அதுதான் மரியாதையான வெற்றி என்று நினைப்பவர்கள் நிறைய. நானும் அந்தக் கட்சிதான்.

ஓட்டையைக் கண்டுபிடித்து ஜெயிப்பது ஏமாற்று வேலை இல்லையா?

விதிகளுக்குள் நின்று செய்தால் இல்லை. விதியில் எழுதியதைப் படித்து, மற்றவர்கள் கவனிக்காத விளைவைக் கண்டுபிடிப்பது இந்த ஆட்டத்தின் முக்கியத் திறமை. ஓட்டுகளைத் தப்பாக எண்ணுவது, நிறைவேறிய வாசகத்தைப் பிறகு பேனாவால் திருத்துவது, இவை போங்கு. விதியைப் பற்றிய சாமர்த்தியத்தை ரசியுங்கள், பதிவைப் பற்றிய பொய்யை மன்னிக்காதீர்கள்.

மூன்று பேர் சேர்ந்துகொண்டு நான்காமவரை நசுக்கினால்?

இந்தக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. பெரும்பான்மை போதும் என்று ஆனவுடன் "சிவப்புச் சட்டை போட்டவருக்கு 50 புள்ளி குறைவு" என்று விதி போடலாம். அறையில் சிவப்புச் சட்டை ஒருவர்தான். நோமிக்கின் தொடக்க விதிகளில் இதற்கு நேரடித் தடை இல்லை.

மறைமுகமான தடுப்புகள் சில இருக்கின்றன. 107இன்படி எந்த விதியும் முன்தேதியிட்டு அமலுக்கு வராது, ஆகவே நேற்றுச் செய்ததற்கு இன்று தண்டனை போடமுடியாது. ஒவ்வொருவருக்கும் எப்போதும் ஒரே ஓட்டு. தோல்வியை ஒப்புக்கொண்டு ஆட்டத்தைவிட்டு வெளியேறும் உரிமை எப்போதும் உண்டு (113). தோல்வியைவிட மோசமான தண்டனை எதையும் யார்மேலும் சுமத்தமுடியாது. எதிர்கால மாற்றங்களைப் பற்றி ஒரே அணியில் இல்லாதவர்கள் கூடிப் பேசக்கூடாது. ஆனால் இவற்றில் 'ஒரே ஓட்டு', 'கூடிப் பேசக்கூடாது' இரண்டும் 200 வரிசையில் இருப்பவை. பெரும்பான்மை நினைத்தால் நீக்கிவிடும்.

நண்பர்களோடு ஆடும்போது, ஒரு தனி ஆளையோ அவருக்கு மட்டுமே பொருந்தும் அடையாளத்தையோ குறிவைக்கும் விதி கூடாது என்று மாறாத வரிசையில் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். ஆட்டத்தின் சுவை குறைகிறது என்று சிலர் முனகுவார்கள். குறையட்டும். ஒருவர் முகம் வாடியபின் தொடரும் ஆட்டத்தில் மிச்சமிருப்பது ஒன்றுமில்லை.

நோமிக் தவிர இந்த வகையில் வேறென்ன இருக்கிறது?

நிறைய. ஆனால் எல்லாவற்றிலும் மாற்றத்தின் ஆழம் ஒன்றல்ல.

ஃப்ளக்ஸ் என்ற சீட்டாட்டம் 1997இல் வந்தது. "ஒரு சீட்டு எடு, ஒரு சீட்டு போடு" என்பதோடு தொடங்கும். எத்தனை எடுப்பது, எத்தனை போடுவது, எப்படி வெல்வது எல்லாமே சீட்டுகளால் மாறிக்கொண்டே இருக்கும். விதிகள் மாறுகின்றன, ஆனால் மாறக்கூடியவை எல்லாம் ஏற்கெனவே அச்சாகிவிட்டன. நீங்கள் எழுத ஒன்றுமில்லை. புதியவர்களுக்கு இதமான தொடக்கம்.

மாவ் என்பது சாதாரணச் சீட்டுக்கட்டில் ஆடுவது. விதிகளை யாரும் சொல்லித்தரமாட்டார்கள். மீறினால் அபராதச் சீட்டு மட்டும் வரும். ஒரு சுற்றில் வென்றவர் புது விதி ஒன்றை மனதில் சேர்த்துக்கொள்வார், அதையும் வெளியில் சொல்லமாட்டார். பலருக்கு உயிர், சிலருக்கு எரிச்சல். எனக்கு எரிச்சல்.

ராபர்ட் அபட் 1956இல் உருவாக்கிய எல்யூசிஸை இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. ஒருவர் ரகசிய விதி ஒன்றை நினைத்துக்கொள்ள, மற்றவர்கள் சீட்டுப் போட்டுப்போட்டு அதைக் கண்டுபிடிக்கவேண்டும். ஒரு சுற்றுக்குள் விதி மாறாது என்பதால் அது பக்கத்து வீட்டுப் பிள்ளை.

கணினியில் ஆட விரும்பினால் 2019இல் வந்த 'பாபா இஸ் யூ'. பின்லாந்தின் ஆர்வி தெய்காரி உருவாக்கியது. "சுவர் – தடை" என்பது போன்ற விதிகள் திரையில் சொல் கட்டைகளாகவே கிடக்கும். ஒரு சொல்லைத் தள்ளி வாக்கியத்தை உடைத்தால் சுவரை ஊடுருவிப் போகலாம். தனியாக ஆடுவது என்பதால் ஓட்டும் இல்லை, வாக்குவாதமும் இல்லை. ஆனால் விதி என்பதும் கையாளக்கூடிய ஒரு பொருள்தான் என்ற எண்ணம் இதைப்போல வேறெதிலும் விரலுக்கு வருவதில்லை.

குழந்தைகள் ஆடலாமா?

ஆடலாம், ஆனால் வயது முக்கியம். ழான் பியாஜே சுவிட்சர்லாந்தில் கோலி விளையாடும் பிள்ளைகளிடம் விதிகள் எங்கிருந்து வந்தன, மாற்றலாமா என்றெல்லாம் கேட்டு ஆராய்ந்து, 1932இல் எழுதினார். சின்னப் பிள்ளைகள் விதி என்பது பெரியவர்கள் தந்தது, தொடவே கூடாது என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்களே ஆடும்போது ஆளுக்கொரு விதமாக ஆடினார்கள். பத்து வயதைத் தாண்டியவர்கள், எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். ஆடும்போதோ விதியை ஒழுங்காகப் பின்பற்றினார்கள். ஆக, பத்து வயதுக்கு மேல் என்றால் தயங்காமல் உட்காரவையுங்கள். 29 விதிகள் வேண்டாம், ஆறேழு போதும்.

முதல் ஆட்டத்துக்கு என்ன ஏற்பாடு தேவை?

பொருள் என்று பார்த்தால் காகிதம், பேனா, ஒரு பகடை. நான்கைந்து பேர் இருந்தால் நன்றாக இருக்கும். இரண்டு பேர் என்றால் ஓட்டுக்கு அர்த்தமில்லை.

உண்மையான வேலை எழுத்தர் வேலை. யாராவது ஒருவர் நடப்பில் உள்ள விதிகளின் முழுப் பட்டியலை ஒரே இடத்தில் வைத்திருக்கவேண்டும். ஓட்டுக்கு முன்பே முன்மொழிவு எழுத்தில் இருக்கவேண்டும் என்று 106 சொல்வது சும்மா இல்லை. "நான் அப்படிச் சொல்லவில்லை, இப்படித்தான் சொன்னேன்" என்று ஆரம்பித்தால் ஆட்டம் போய்விடும். நீக்கிய விதியை அழிக்காமல் குறுக்கே ஒரு கோடு மட்டும் போடுங்கள். பின்னால் எந்த எண் எப்போது செத்தது என்று கட்டாயம் தேவைப்படும்.

மாறும் விதிகள் ஒரே நேரத்தில் 25ஐத் தாண்டக்கூடாது என்ற 209ஐ அவசரப்பட்டு நீக்காதீர்கள். அது இருந்தால்தான் புதிது ஒன்று வர பழையது ஒன்று போகவேண்டிய நெருக்கடி வரும். இல்லாவிட்டால் யாருக்கும் நினைவில் நிற்காத நாற்பது விதிகளோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

நேரில் கூடமுடியாது. தொலைவில் இருந்தபடி ஆடலாமா?

தாராளமாக. அகோரா என்ற ஆட்டம் 1993இலிருந்து மின்னஞ்சலிலேயே நடந்துவருகிறது. அதில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள், விதிகள் அடையாளம் தெரியாமல் மாறின, ஆட்டம் மட்டும் நிற்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. தகுதியுள்ள எல்லோரும் ஒவ்வொரு ஓட்டெடுப்பிலும் கட்டாயம் பங்கெடுக்கவேண்டும் என்கிறது 105. நேரில் அது சரி. தொலைவில் ஒருவர் வேலை, பயணம் என்று காணாமல் போனால் ஆட்டம் அப்படியே உறைந்துவிடும். அதுவும் மாறாத விதி என்பதால், காணாமல் போனவரின் ஓட்டு இல்லாமல் அதை மாற்றவும் முடியாது. தொடங்கும் முன்பே, இத்தனை நாளுக்குள் ஓட்டுப் போடாதவர் அந்த ஓட்டெடுப்பில் கணக்கில் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒருவர் புதிதாகச் சேரலாமா?

தொடக்க விதிகளில் இதற்கென்று தனி ஏற்பாடு இல்லை. யாராவது தன் முறையில் அதற்கொரு முன்மொழிவு வைத்தால் போதும். அவர் எத்தனை புள்ளியோடு தொடங்குவார், யாருக்கு அடுத்து உட்காருவார் என்ற இரண்டையும் அதிலேயே எழுதிவிடுங்கள். உட்காரும் இடத்தை விட்டுவிட்டால், அடுத்த தகராறில் நீதிபதி யார் என்பதிலேயே தகராறு வரும்.